டெங்கு என்று காட்டிய இரத்தம்

கேள்வி: பசிபிக் கடலிலுள்ள யாப் தீவில் 2007இல் பரவிய நோயை முதலில் டெங்கு என்றே நினைத்தார்களாமே? பரிசோதனையும் அப்படித்தான் காட்டியதாம். அது ஜிகா என்று பிறகு எப்படித் தெரிந்தது?
- வாசகர், விருதுநகர்

பதில்: பரிசோதனைக் கருவியை மட்டும் நம்பியிருந்தால் தெரிந்திருக்காது. மைக்ரோனீசியாவைச் சேர்ந்த அந்தத் தீவில் ஏப்ரல், மே மாதங்களில் சிகிச்சைக்கு வந்தவர்களுக்கு உடம்பில் தடிப்பும், மூட்டு வலியும், பீளை தள்ளாத கண் சிவப்பும் இருந்தன. சிலருடைய இரத்தம் டெங்கு இருப்பதாகவே காட்டியது. ஆனால், டெங்குவை முன்பே பார்த்திருந்த மருத்துவர்களுக்கு இது வேறு நோயாகத் தோன்றியதால், மாதிரிகள் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்கு அனுப்பப்பட்டன.

டெங்கு வைரஸும் ஜிகா வைரஸும் ஒரே குடும்பத்தவை. ஒன்றை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்பொருள், மற்றொன்றுக்கான பரிசோதனையிலும் போய் ஒட்டிக்கொள்ளும். முன்பே டெங்கு கண்டவர்களிடம் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். பி.சி.ஆர். பரிசோதனையோ எதிர்பொருளை விட்டுவிட்டு வைரஸின் மரபுப் பொருளையே தேடுகிறது. 71 பேரின் மாதிரிகளில் 10இல் ஜிகாவின் ஆர்.என்.ஏ. கிடைத்தது. 1947இல் உகாண்டாவின் ஜிகா காட்டில் ஒரு குரங்கிடம் கண்டறியப்பட்ட இந்த வைரஸ், அதுவரை மனிதர்களைத் தாக்கியதாகப் பதிவானது 14 முறைதான். அதனால் யாருக்கும் உடனே நினைவுக்கு வராததில் வியப்பில்லை.

அதன்பின் வீடு வீடாகச் சென்று 557 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 414 பேரிடம் ஜிகாவுக்கான எதிர்பொருள் இருந்தது. மருத்துவரிடம் வந்தவர்களில் உறுதியானவர்களும் ஐயத்துக்குரியவர்களுமாகச் சேர்த்தே 108 பேர்தான் என்பதால், பெரும்பாலோருக்கு நோய் வந்து போனதே கணக்கில் வரவில்லை. உயிரிழப்பு எதுவும் இல்லை.

கொசு விஷயம்தான் அரைகுறையாக நின்றது. வீடுகளைச் சுற்றித் தண்ணீர் தேங்கிய பாத்திரங்களில் ஏடிஸ் ஹென்சில்லி என்ற கொசுவின் புழுக்களே மிகுதியாக இருந்தன. எனவே அதன்மீதுதான் சந்தேகம் விழுந்தது. ஆனால், பிடித்துச் சோதித்த கொசுக்களில் ஒன்றில்கூட வைரஸ் சிக்கவில்லை.