வங்கிச் செக், செக் சட்டை, சதுரங்கச் செக், 'செக் பண்ணு': எல்லாம் ஒரே சொல்லா?

ஒரே சொல்தான். பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒட்டாத மாதிரி இருக்கும், ஆனால் எல்லாம் ஒரு வேரில் கிளைத்தவை. அந்த வேர் ஆங்கிலமே இல்லை. பாரசீகத்தில் அரசனைக் குறிக்கும் 'ஷா'.

சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகம் போய், அரபுகள் வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. ராஜாவைத் தாக்கும்போது 'ஷா!' என்று எச்சரிப்பார்கள். அது பழைய பிரெஞ்சு வாயில் புரண்டு ஆங்கிலத்தில் 'செக்' ஆனது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மை தேய்ந்துதான் 'செஸ்'. ஆக, ஆட்டத்தின் பெயரும் ஆட்டத்தில் வைக்கும் செக்கும் உடன்பிறப்புகள். 'செக்மேட்' என்பது 'ஷா மாத்'. 'அரசன் செத்தான்' என்று பலர் பொருள் சொல்வார்கள். 'அரசன் வழியற்று நிற்கிறான்' என்பதும் ஒரு விளக்கம். ராஜாவை யாரும் வெட்டுவதில்லையே, எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது.

செக் விழுந்தால் எதிராளி நினைத்தபடி ஆட முடியாது, கையிலிருந்த திட்டத்தை எல்லாம் விட்டுவிட்டு ராஜாவைக் காப்பாற்ற ஓட வேண்டும். அதிலிருந்து தடுத்தல், கட்டுக்குள் வைத்தல் என்ற பொருள் வந்தது. கட்டுக்குள் வைக்கக் கண்காணிக்க வேண்டும் அல்லவா? 'செக் பண்ணு', 'செக்கப்' எல்லாம் அந்தக் கிளையில் காய்த்தவை.

சட்டைக்கு வருவோம். அந்தக் கட்டங்கள் சதுரங்கப் பலகையின் கட்டங்கள், அவ்வளவுதான். ஆனால் அதே பலகை இங்கிலாந்தின் கஜானாவுக்குள் போன கதை சுவையானது.

பலகைக்குப் பிரெஞ்சு வழியாக வந்த பெயர் 'எக்ஸ்செக்கர்'. 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மன்னரின் வரிக் கணக்கைத் தீர்த்த இடத்துக்கும் அதே பெயர். மன்னரின் பொருளாளர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் அந்த நடைமுறையை லத்தீனில் ஆசிரியர், மாணவர் உரையாடலாக எழுதி வைத்திருக்கிறார். சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலம் கொண்ட மேஜை. விளிம்பில், கணக்குப் போட வைக்கும் காய்கள் உருண்டு விழாதபடி நான்கு விரல் உயரத்துக்குத் தடுப்பு. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. பென்னி, ஷில்லிங், பவுண்டு, அதற்கு மேல் இருபது, நூறு, ஆயிரம் என்று ஒவ்வொரு பத்திக்கும் ஒரு மதிப்பு. ஷெரீப், அதாவது மாவட்டத்தில் மன்னருக்காக வரி வசூலித்த அதிகாரி, கட்ட வேண்டியதையும் கட்டியதையும் காய்களால் அடுக்கி, கழித்துக் காட்டுவார்கள். ரோமன் எண்களில் கழித்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்!

ஏன் இந்தப் பெயர் என்று மாணவர் கேட்கிறார். சதுரங்கப் பலகை போல இருப்பதால் என்கிறார் ஆசிரியர். அதோடு விடவில்லை. அங்கே இரண்டு அரசர்கள் மோதுகிறார்கள், இங்கே பொருளாளரும் ஷெரீப்பும் மோதுகிறார்கள் என்கிறார். வரி அதிகாரி முன்னால் கணக்கோடு உட்கார்ந்த எவருக்கும் அது விளங்கும். பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் 'எக்ஸ்செக்கரின் சான்சலர்'தான்.

வங்கிச் செக் நேராக இந்த மேஜையிலிருந்து வரவில்லை. மோசடியைத் தடுக்க, சரிபார்ப்பதற்காக வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்குத்தான் முதலில் 'செக்' என்று பெயர். பிறகு கிழித்துக் கொடுக்கும் தாளுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிரிட்டனில் 'cheque' என்று 'க்யூ' போட்டு எழுதுவது எக்ஸ்செக்கரின் பாதிப்பு. அமெரிக்கர்கள் அந்த வம்பே வேண்டாம் என்று எல்லாவற்றையும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள்.

அரபியில் பத்திரத்தைக் குறிக்கும் 'சக்' என்பதிலிருந்துதான் வங்கிச் செக் வந்தது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். ஒலி ஒத்துப்போகிறது, ஆனால் அடிக்கட்டை வழியாக வந்த தடம் ஆங்கிலத்திலேயே தெளிவாக இருக்கும்போது எனக்கு அது தேவையாகத் தோன்றவில்லை.

அப்புறம், செக் குடியரசுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் எந்த உறவும் கிடையாது.