கவுன்சிலர் எதற்கு? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

வணக்கம். சோழிங்கநல்லூர் தொகுதியில் ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறேன். போன வருடம் எங்கள் தெருவுக்குப் புதிதாகச் சாலை போட்டார்கள். ஐந்து வாரம்கூட ஆகியிருக்காது, குழாய் பதிக்க வேண்டும் என்று வேறொரு துறை வந்து நடுத்தெருவைத் தோண்டியது. சரியாக மூடவில்லை. மழையில் அது பள்ளமாகி, என் மனைவி ஸ்கூட்டரோடு விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. கவுன்சிலரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர்தான், உட்காரவைத்துப் பேசினார். "தோண்டினவங்க என்கிட்ட சொல்லிட்டுத் தோண்டலை சார். மூடச் சொன்னாலும் நான் சொன்னா கேக்க மாட்டாங்க. எம்.எல்.ஏ. ஆபீஸ்ல ஒரு மனு குடுத்துப் பாருங்க" என்றார். அவருக்கே அதிகாரம் இல்லை என்றால் இந்த மாநகராட்சித் தேர்தல், கவுன்சிலர், மேயர் எல்லாம் எதற்கு? அதிகாரிகளே நடத்திவிட்டுப் போகட்டுமே? 2022-ல் நான் ஓட்டுப் போடவில்லை. இனியும் போடுவதாக இல்லை. நான் நினைப்பது தப்பென்றால் சொல்லுங்கள். பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில், வீட்டில் அவர்களுக்குக் கை சரியாகிவிட்டதா? மணிக்கட்டு முறிவு ஆறு வாரத்தில் கூடிவிடும் என்று சொல்வார்கள். ஆனால் குடத்தைத் தூக்கவும் கதவுத் தாழ்ப்பாளைத் திருகவும் பல மாதம் பிடிக்கும். என் அம்மாவுக்கு அப்படி ஆகியிருக்கிறது. அதனால் உங்கள் கோபம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஆனால் "அதிகாரிகளே நடத்திவிட்டுப் போகட்டும்" என்கிறீர்களே, அதை நாம் ஏற்கெனவே இரண்டு முறை செய்து பார்த்துவிட்டோம். 1688-ல் தொடங்கியது, இந்தியாவிலேயே பழைய மாநகராட்சி என்று பெருமையாகச் சொல்கிறோம் இல்லையா, அந்தச் சென்னை மாநகராட்சியின் மன்றத்தை 1973-ல் கலைத்தார்கள். மறுபடி தேர்தல் நடந்தது 1996-ல். இருபத்து மூன்று வருடம், அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. மாநிலத்தில் தி.மு.க., அ.தி.மு.க. இரண்டும் ஆண்ட காலம் அது, குடியரசுத் தலைவர் ஆட்சியும் இடையிடையே வந்துபோனது, யாருக்கும் சென்னைக்கு ஒரு தேர்தல் வைக்கத் தோன்றவில்லை. 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூனில் அமலுக்கு வந்து, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்று ஆன பிறகுதான் நடந்தது.

இரண்டாவது முறை உங்களுக்கே நினைவிருக்கும், ஏனென்றால் அப்போது நீங்கள் இங்கேதான் குடியிருந்திருக்கிறீர்கள். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல், பழங்குடியினர் இட ஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்று தி.மு.க. தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றத்தால் ரத்தானது. குறையைத் திருத்தி இரண்டு மூன்று மாதத்தில் நடத்தியிருக்கலாம். வார்டு மறுவரையறை, வழக்கு, அவகாசம், மறுபடி வழக்கு என்று இழுத்து, கடைசியில் உச்ச நீதிமன்றம் கெடு வைத்த பிறகு 2022 பிப்ரவரி 19-ல்தான் நகர்ப்புறத் தேர்தல் நடந்தது. அந்த ஐந்தேகால் வருடத்தில் சென்னைக்கு என்னவெல்லாம் வந்தது என்று எண்ணிப் பாருங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்து இறங்கியது. அடுத்த வருடம் கொரோனா, தெருத்தெருவாகத் தகரம் வைத்து அடைத்தார்கள். 2021 நவம்பர் மழையில் தி.நகர் மிதந்தது. இத்தனையும் இருநூறு வார்டிலும் ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல் நடந்தது.

அந்தக் காலத்தில் என் தெருவில் நாலு கம்பத்தில் விளக்கு எரியவில்லை. நான் போன அலுவலகத்தில் இன்னோர் அலுவலகத்தைக் காட்டினார்கள், அங்கே போனால் ஆன்லைனில் போடுங்கள் என்றார்கள், போட்டால் "சரிசெய்யப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது, தெரு இருட்டாகவே இருந்தது. இரண்டரை மாதம். அந்த அதிகாரிகள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. நான் கோபப்பட்டால் அவர்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை, அவ்வளவுதான். அடுத்த மாதம் மாற்றலாகிப் போய்விடுவார்கள்.

2015 வெள்ளத்தின்போது கவுன்சிலர்கள் இருந்தார்களே, என்ன கிழித்தார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பல இடங்களில் அவர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று ஜனங்கள் வாயாரத் திட்டினார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, திட்டுவதற்கு ஒரு வீட்டு வாசல் இருந்தது என்பது. 2021 மழையில் அதுவும் இல்லை.

இப்போது உங்கள் கவுன்சிலர் சொன்னதற்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். உங்கள் வீட்டு வாசலில் நின்று பாருங்கள். காலடியில் ஓடும் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் மெட்ரோ வாட்டருடையவை, அது 1978-ல் தனிச் சட்டம் போட்டு உண்டாக்கிய மாநில அரசு வாரியம், கம்பி மின்வாரியத்துடையது, தெரு முனையில் திரும்பினால் வரும் பெரிய சாலை பல இடங்களில் நெடுஞ்சாலைத் துறையுடையது, பஸ் எம்.டி.சி. என்ற மாநில அரசுப் போக்குவரத்துக் கழகத்துடையது; எதிரில் எழும்பும் அடுக்குமாடிக்கு அனுமதி பெரிய கட்டடம் என்றால் தருவது சி.எம்.டி.ஏ. என்ற பெருநகர் வளர்ச்சிக் குழுமம்; ஏரி நீர்வளத் துறை. மாநகராட்சிக்கு மிஞ்சியது உள்தெருச் சாலை, மழைநீர் வடிகால், குப்பை, தெருவிளக்கு, பூங்கா, பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், பிறப்பு இறப்புச் சான்றிதழ், சுடுகாடு. அதிலும் கையெழுத்துப் போடும் கமிஷனரை நியமிப்பது மாநில அரசு, மாற்றுவதும் அதுவே. மேயர் சிவப்பு அங்கி அணிந்து மன்றத்துக்குத் தலைமை வகிக்கலாம், கமிஷனரை மாற்ற முடியாது. நகரத் திட்டம், குடிநீர், சாலை உட்பட 18 பொறுப்புகளை நகராட்சி அமைப்புகளுக்குக் கொடுக்கலாம் என்று 74-வது திருத்தம் ஒரு பட்டியலே போட்டுக் கொடுத்தது. கொடுப்பதும் கொடுக்காததும் மாநிலத்தின் விருப்பம் என்று விட்டுவிட்டதால் எந்தக் கட்சி அரசும் முழுசாகக் கொடுக்கவில்லை.

மேயர் தேர்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1996, 2001, 2011-ல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-லும் 2022-லும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். நடுவில் சட்டத்தை இப்படியும் அப்படியுமாக மாற்றினார்கள், ஒருமுறை அவசரச் சட்டம் போட்டே மாற்றினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட சட்டமன்றத் தொகுதிகளில் பரந்து கிடக்கும் ஊரில் நேரடியாக ஜெயித்து வரும் மேயர், எந்த அமைச்சரையும்விடப் பெரிய ஆளாகிவிடுவார். அந்தப் பயம் ஆளும் கட்சி எதுவானாலும் இருக்கிறது என்பது என் எண்ணம். மத்திய அரசு மாநிலத்தின் அதிகாரத்தைப் பறிக்கிறது என்று நாம் எல்லாரும் குரல் கொடுக்கிறோம், நானும் கொடுக்கிறேன், அது சரிதான். அதே நியாயம் மாநில அரசு இருக்கும் கோட்டையிலிருந்து மாநகராட்சி இருக்கும் ரிப்பன் மாளிகை வரைக்கும் வர வேண்டாமா? இரண்டுக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது.

எம்.எல்.ஏ.விடம் போங்கள் என்பது எல்லாரும் சொல்லும் வழி. உங்கள் தொகுதி தமிழ்நாட்டிலேயே அதிக வாக்காளர்கள் உள்ள தொகுதி, 2021 தேர்தலில் ஆறரை லட்சத்துக்கு மேல். ஒரு மனிதர் அத்தனை பேருடைய தெருப் பள்ளத்தையும் பார்க்க முடியுமா? பார்க்கத்தான் வேண்டுமா? அவர் சட்டசபையில் உட்கார்ந்து சட்டத்தைப் பேச வேண்டியவர். 2011 கணக்கெடுப்புப்படி விரிவாக்கப்பட்ட சென்னையின் மக்கள்தொகை சுமார் 67 லட்சம், இருநூறு வார்டுக்குப் பிரித்தால் வார்டுக்கு முப்பதாயிரம் சொச்சம். இப்போது இன்னும் கூடியிருக்கும். அப்படியும், நடந்தே சுற்றி வரக்கூடிய வட்டம் அது. பள்ளத்தைப் பற்றிப் பேச வேண்டிய ஆள் கவுன்சிலர்தான்.

இத்தனை சொன்னாலும் உங்கள் கவுன்சிலரை நான் முழுசாக விட்டுவிட மாட்டேன். சாலையை வெட்ட வேண்டுமென்றால் எந்தத் துறையானாலும் மாநகராட்சியிடம் அனுமதி வாங்க வேண்டும், சாலையைத் திரும்பச் சீரமைப்பதற்குக் கட்டணமும் கட்ட வேண்டும். அந்தத் தாள் அதற்குரிய அலுவலகத்தில் இருக்கும். யார் வெட்டினார்கள், எத்தனை மீட்டர், எந்தத் தேதி வரை என்பதெல்லாம் அதில் இருக்கும். அனுமதியே வாங்காமல் வெட்டியிருந்தால் அது இன்னும் பெரிய விஷயம். கவுன்சிலர் வார்டு உதவிப் பொறியாளரைக் கூப்பிட்டு அந்தத் தாளைக் கேட்டிருக்கலாம். மண்டலக் குழுக் கூட்டத்தில் எழுப்பியிருக்கலாம், அங்கே மற்றத் துறை அதிகாரிகளும் வந்து உட்காருவதுண்டு. "எனக்குச் சொல்லவில்லை" என்பதோடு நின்றுவிட்டது அவருடைய தவறு. அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் கேட்கலாம், தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணம். அதற்கு முன்னால் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விழுந்த தேதி, மருத்துவமனைச் சீட்டு, பள்ளத்தின் படம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

அப்புறம், ஏரியா சபை என்று ஒன்று இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்களா தெரியவில்லை. கிராமத்தில் கிராம சபை மாதிரி நகரத்துக்கு. 2022-ல் விதிகள் வந்தன, அந்த வருடம் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன. சென்னையில் ஒரு வார்டைப் பத்துப் பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதிநிதி. அந்தப் பிரதிநிதியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள், அதனால் பெரும்பாலும் வட்டச் செயலாளரின் ஆட்களே வந்து உட்காருகிறார்கள். இந்தக் குறை சின்னக் குறை அல்ல. ஆனாலும் அந்தக் கூட்டத்தில் எந்த வாக்காளரும் போய் உட்கார்ந்து பேசலாம்.

நான் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம்தான் வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது. பதினோரு பேர், அதில் நாலு பேர் கட்சிக்காரர்கள். கவுன்சிலர் ஒரு பெண். அவர் கணவர் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கிச் சட்டம் போட்டது இதற்காக இல்லை என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் எங்கள் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மா எழுந்து, "நான் மேடத்துக்கிட்டதான் கேக்குறேன், அவங்களே சொல்லட்டும்" என்றார். அவர் கேட்டது குப்பைத் தொட்டியைப் பற்றி. அவர் வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், வெளுத்த துணியில் நாற்றம் ஏறுகிறது, கிராக்கி போய்விட்டது. கவுன்சிலர் கொஞ்சம் தயங்கினார், அப்புறம் அவரே பேசினார், பதிவேட்டில் எழுதச் சொன்னார். அந்த அம்மா கையெழுத்துப் போட்டார். பதினாறாவது நாள் தொட்டி இடம் மாறியது. நான் கொடுத்த மனு, எங்கள் தெரு வடிகாலின் கடைசி முனை எதோடும் சேராமல் நிற்பதைப் பற்றியது, அது இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்தே உங்களுக்குச் சொல்கிறேன்.

2022-ல் சென்னையில் ஓட்டுப் போட்டவர்கள் 43 சதவீதம் சொச்சம். மாநிலம் முழுக்கப் பார்த்தால் 60-க்கு மேல். உங்களை மாதிரிப் படித்து, கணக்குப் பார்த்து, நேரம் தவறாமல் அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி கட்டுகிறவர்கள் ஒதுங்கிக்கொண்டால், வீடு கட்ட மணல் இறங்கியதும் காசு கேட்டு வந்து நிற்கிற ஆட்களுக்குத்தான் வசதி. அவர்கள் வீட்டில் ஒரு ஓட்டும் தவறாது. அந்த வருடமே வரியை 25-லிருந்து 150 சதவீதம் வரை உயர்த்தினார்கள். அரசு ஆணை வந்தது, மன்றம் தீர்மானம் போட்டது. அதை எதிர்த்து எழுந்து பேச உங்கள் வார்டிலிருந்து யார் போயிருக்க வேண்டும் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கவே இல்லை. இதைக் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் தெருவில் சாலை போட்டபோது பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட்டார்களா, மேலேயே கொட்டினார்களா? சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவே போட்டார். மேலேயே கொட்டியிருந்தால் உங்கள் வாசல்படி தெருவைவிடத் தாழ்ந்திருக்கும், அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே வரும். பள்ளத்தைக் கேட்கப் போகும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இந்த மன்றம் 2022 மார்ச்சில் பொறுப்பேற்றது, ஐந்து வருடக் கணக்குப்படி 2027 மார்ச்சோடு அதன் காலம் முடிகிறது. முடிவதற்குள் தேர்தல் நடந்தாக வேண்டும். நடத்தாமல் இழுத்தால் நாம் இருவரும் சேர்ந்தே குரல் கொடுப்போம். அதுவரை, உங்கள் பகுதிக்கு நியமிக்கப்பட்ட சபைப் பிரதிநிதி யார், கடைசிக் கூட்டம் எப்போது நடந்தது என்று கவுன்சிலரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பதிவேட்டில் உங்கள் தெருவின் பெயர் எங்காவது வருகிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். வீட்டில் அவர்களை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்.