மியூட் செய்துவிடுவார்கள் என்று நம்பி மகனைப் பேசவிடலாமா?

கேள்வி: நாங்கள் மண்டபம் பக்கம். கணவர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். தனுஷ்கோடியில் எடுக்கப்போகும் ஒரு படத்துக்கு எங்கள் 10 வயது மகனைத் தேர்வு செய்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்த வசனத்தில், மூன்று இடத்தில் அவன் ஒரு பெரியவரைத் தாயை இழுத்துத் திட்டுகிறான். கேட்டால், "குடும்பப் படம்தான், சென்சார்ல மியூட் பண்ணிருவாங்க. கடற்கரைப் பையன் அப்படித்தானே பேசுவான்" என்கிறார் ஏஜென்ட். நடிகர் கார்டு எடுக்க 15,000 ரூபாயும் கேட்கிறார். மறுத்தால் வாய்ப்பு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: மறுத்துவிடுங்கள் சகோதரி. படத்தை மறுக்க வேண்டியதில்லை, அந்த மூன்று வசனத்தை மட்டும் மறுங்கள். குடும்பத்தோடு பார்க்கச் சொல்லி விற்கும் படத்தில், ஒரு குழந்தையின் வாயில் அந்த வார்த்தைக்கு இடமில்லை என்பதுதான் என் கருத்து.

மியூட் விஷயத்தை முதலில் புரிந்துகொள்ளுங்கள். ஒரு காட்சியை ஒரே தடவையில் எடுத்து முடிப்பது அபூர்வம். தனுஷ்கோடிக் காற்றில் மணல் பறக்கும், வெளிச்சம் மாறும், வேடிக்கை பார்க்க வந்தவர் குறுக்கே வருவார். அதே வசனத்தை உங்கள் மகன் பத்துத் தடவை சொல்ல வேண்டியிருக்கும். அவனே டப்பிங் பேசினால் மறுபடியும் சொல்வான். சுற்றி நிற்கிற அத்தனை பெரியவர்களும் "சூப்பர்டா" என்று கைதட்டுவார்கள். படத்தைத் தணிக்கை வாரியம் பார்ப்பது இதெல்லாம் முடிந்த பிறகு. அவர்கள் நீக்குவது பார்ப்பவர் காதுக்கு வரும் சத்தத்தை மட்டும்தான். பையன் சொன்னது சொன்னதுதான். சத்தம் போனாலும் உதடு அசைவது திரையில் தெரியும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது போதும்.

என்னிடம் வந்த ஒரு தகப்பனார் இதைத்தான் சொல்லி அழுதார். படத்தில் மியூட் செய்திருந்தார்கள். ஆனாலும் அவர் பையனைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் அந்த வார்த்தையைச் சொல்லியே கூப்பிட்டிருக்கிறார்கள்.

மியூட் ஆகும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. நேராக ஓடிடியில் வெளியாகும் படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழே தேவையில்லை. 2021ல் வந்த விதிகளின்படி, எந்த வயதுக்கு உகந்தது என்று அந்தத் தளமே வகைப்படுத்திப் போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், 'குடும்பப் படம்' என்று ஒரு சான்றிதழ் எங்கும் இல்லை. அது போஸ்டர் வார்த்தை. யூ என்றால் எல்லோரும் பார்க்கலாம், ஏ என்றால் 18 வயது ஆனவர்கள் மட்டும். நடுவில் இருக்கும் யூஏ வகையை 2023 சட்டத் திருத்தத்தில் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஆனால் அது பெற்றோருக்குச் சொல்லும் யோசனைதான். யூஏ 16 படத்துக்கு எட்டு வயதுப் பிள்ளையோடு போனாலும் தியேட்டரில் தடுக்க முடியாது. எந்த வார்த்தை கூடாது என்று சட்டத்தில் பட்டியலும் இல்லை. ஆபாசமும் கொச்சையும் மனதைப் புண்படுத்தக் கூடாது என்று 1991 வழிகாட்டு நெறிகள் பொதுவாகச் சொல்கின்றன. மற்றது படம் பார்க்கும் குழுவின் முடிவு. அதனால், "யூ வாங்கித் தருவது என் பொறுப்பு" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும், இதில்தான் குழப்பம் அதிகம். நம் பக்கத்துப் பேச்சே கொஞ்சம் கரடுமுரடு. "எடுபட்ட பயலே, சாப்பிட்டியாடா?" என்று அப்பத்தா கேட்டால் அதில் இருப்பது பாசம். ஏலக்கூடத்தில் விலை இறங்கினால் "நாசமாப் போக" என்று சொல்லாதவர் யார்? ஒரு பையன் கூட்டாளியை "மூதேவி" என்றால் அது சண்டையே இல்லை, அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் சேர்ந்து கடலில் குதிப்பார்கள். இப்படிப்பட்ட பேச்சு வசனத்தில் இருந்தால் பேசட்டும். அதை எடுத்துவிட்டு அவனைப் புத்தகத் தமிழ் பேசவைத்தால்தான் பொய்யாக இருக்கும். நான் சொல்வது அதை அல்ல. தாயை, பிறப்பை, சாதியை, உடம்பை இழுக்கும் வார்த்தை வேறு. வீட்டில் அதே வார்த்தையைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்களா, கையை ஓங்குவீர்களா என்று பாருங்கள். பிரித்துப் பார்க்க அது போதும்.

"கடற்கரைப் பையன் அப்படித்தான் பேசுவான்" என்றாரே, அதுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் தொண்டியிலும் விடியும் முன்னே கரைக்குப் போய் அப்பாவுக்கு வலை மடித்துக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. கரை என்றாலே வசவு என்று எழுதுவது, எழுதுகிறவரின் சோம்பேறித்தனம்.

சட்டம் உங்களுக்கு என்ன தருகிறது? 14 வயதுக்குக் குறைந்த பிள்ளை நடிக்க வேண்டுமானால், படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்அனுமதி வாங்க வேண்டும். உங்கள் ஒப்புதலும் அதோடு போக வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, இடைவேளை இல்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் அவன் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். அவன் விருப்பத்துக்கு மாறாக எதையும் செய்யவைக்கக் கூடாது என்றும் 2017 குழந்தைத் தொழிலாளர் விதியில் இருக்கிறது. நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்தக் கடைசி வரியைத்தான்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை. ஆட்சியர் அலுவலகம் நேரத்தையும் பாதுகாப்பையும் பார்க்கிறது, தணிக்கை வாரியம் முடிந்த படத்தைப் பார்க்கிறது. பிள்ளை வாயால் என்ன பேசப்போகிறது என்று முன்கூட்டியே வாங்கிப் படிக்க எந்த மேசையும் இல்லை! எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன், யாருக்கும் அவசரமில்லை. அதனால் அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

ஏஜென்ட் கேட்கும் 15,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். உங்கள் மகன் நடிக்கச் சட்டம் கேட்பது ஆட்சியர் அனுமதியை, கார்டை அல்ல. பணம் வாங்கியவர் அடுத்த வாரம் போனை எடுக்கமாட்டார், இதை இந்தக் கரையில் நான் பலமுறை பார்த்தாயிற்று. அவரிடம் கேட்க வேண்டியது இரண்டுதான்: தயாரிப்பு நிறுவனத்தின் பெயரும், ஆட்சியர் கொடுத்த அனுமதிக் கடிதத்தின் நகலும். கடிதம் இருக்கிறதா என்பதைப் ராமநாதபுரம் பட்டினம்காத்தானில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் நீங்களே போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன், "இத்துடன் இணைத்துள்ள வசனத்தை மட்டுமே என் மகன் பேசுவான், மாற்றினால் என் கையெழுத்து வேண்டும்" என்று உங்கள் கையால் எழுதி, அந்த மூன்று வரிகளை அடித்து நீக்கிய பிரதியை அதோடு சேர்த்துத் தையுங்கள். படப்பிடிப்பில் நீங்களோ உங்கள் கணவரோ கூடவே இருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பழைய வசனத்தை மகனிடம் காட்ட வேண்டாம், போனிலிருந்து அழிக்கவும் வேண்டாம். அவர்கள் பேச்சு மாறினால் அதுதான் உங்கள் ஆதாரம்.