ஓ.டி. இருந்தால் ஒரு கணக்கு, இல்லாவிட்டால் வேறு கணக்கு

கேள்வி: தைவானின் ஷின்ச்சு நகரில் ஆராய்ச்சி வேலையில் இருக்கிறேன். இங்குள்ள புலம்பெயர் தொழிலாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பணக் கணக்கு வகுப்பு எடுக்கலாம் என்று நாங்கள் நாலைந்து பேர் யோசித்து வைத்திருக்கிறோம். வரப்போகிறவர்கள் இந்தோனேசியர்களும் வியட்நாமியர்களும்தான். வியட்நாமியர்களுக்குச் சம்பளம் கூடுதல் என்கிறார்கள். ஆனால் வேலை பார்க்கும் இடத்தை விட்டுச் சொல்லாமல் போய்விடுகிறவர்களிலும் அவர்களே அதிகம் என்கிறார்கள். நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு ஏன் ஓட வேண்டும்? இரண்டு பேருக்கும் ஒரே பாடம் போதுமா?

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது இரண்டும் சரிதான். இவர் எந்த நாட்டுக்காரர் என்று ஆரம்பித்தால் விடை கிடைக்காது. எந்த வேலைக்கு வந்தார், வருவதற்கு எவ்வளவு கடன் பட்டார் என்று ஆரம்பியுங்கள்.

தைவானில் இன்று 8 லட்சத்துக்கும் மேல் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். இந்தோனேசியர் ஏறக்குறைய 3 லட்சம், வியட்நாமியர் அதையொட்டி. எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் வேலை முற்றிலும் வேறு. வியட்நாமியர்களில் பத்தில் ஒன்பது பேர் தொழிற்சாலை, கட்டுமானம் போன்ற உற்பத்தித் துறைகளில் இருக்கிறார்கள். இந்தோனேசியர்களில் பாதிப் பேர் அளவுக்கு, பெரும்பாலும் பெண்கள், வீடுகளில் தங்கி முதியவர்களையும் நோயாளிகளையும் பார்த்துக்கொள்கிறார்கள். தைவானில் வீட்டுப் பராமரிப்பு வேலை செய்யும் வெளிநாட்டவரில் முக்கால்வாசிப் பேர் இந்தோனேசியப் பெண்கள்.

இந்தோனேசியப் பெண்கள் பொறுமைசாலிகள், வியட்நாம்காரர்கள் சுறுசுறுப்பானவர்கள் என்று ஏஜென்ட்கள் விளம்பரம் மாதிரி பேசுவார்கள். அதை நம்பாதீர்கள். வியட்நாமியப் பராமரிப்புப் பணியாளர்களை எடுப்பதைத் தைவான் அரசு 2005-ல் நிறுத்தி வைத்தது. காணாமல் போகிறவர்கள் அதிகம் என்பதுதான் அப்போது சொன்ன காரணம். மறுபடி திறந்தது 2015-ல். அந்தப் பத்து வருடத்தில் ஜாவாவின் கிராமங்களிலிருந்து தைவானின் வீடுகளுக்கு ஒரு பாதை நன்றாகப் பழகிவிட்டது. இன்று நீங்கள் பார்க்கும் பிரிவினையில் பெரும் பங்கு அந்த அரசாணைக்கு உண்டு.

இனி காசுக்கு வருவோம். எல்லாம் தைவான் டாலரில், 2025 கணக்குப்படி. ஒரு டாலர் நம் மூன்று ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலைத் தொழிலாளிக்கு உழைப்புத் தரநிலைச் சட்டம் பொருந்தும். 2025-ல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 28,590. வீட்டில் பராமரிப்பு வேலை செய்பவருக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. அவர்களுடைய அடிப்படைச் சம்பளம் பல வருடம் 17,000-ல் நின்றது. 2022 ஆகஸ்டில்தான் புதிய ஒப்பந்தங்களுக்கு 20,000 ஆனது. மேலாகப் பார்த்தால் 8,590 வித்தியாசம். வியட்நாமியர்களுக்குச் சம்பளம் கூடுதல் என்று உங்களிடம் சொன்னவர்கள் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அப்புறம் பிடித்தங்கள். தொழிற்சாலைத் தொழிலாளிக்குக் காப்பீடுகளுக்கு மாதம் சுமார் 1,100 போகும். தைவான் ஏஜென்டின் சேவைக் கட்டணம் முதல் வருடம் மாதம் 1,800, இரண்டாம் வருடம் 1,700, மூன்றாம் வருடம் 1,500. மூன்று வருடத்தில் சரியாக 60,000. தங்கும் அறைக்கும் சாப்பாட்டுக்கும் ஒப்பந்தப்படி பிடிப்பது தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை மாறும். 4,000 என்று வைப்போம். ஆக, ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை, இல்லாத மாதத்தில் அவர் கையில் நிற்பது சுமார் 21,700.

பராமரிப்பு வேலை செய்யும் பெண்ணுக்கு 20,000. ஞாயிறு விடுப்பு எடுக்காமல் வேலை செய்தால் நாளுக்கு 667 சேரும். நாலு ஞாயிறும் வேலை செய்தால் 2,668. சாப்பாடும் தங்குமிடமும் முதலாளி வீட்டில். மருத்துவக் காப்பீட்டுப் பங்கும் ஏஜென்ட் கட்டணமும் போனால் சுமார் 20,400 நிற்கும்.

பார்த்தீர்களா? 8,590 என்று தெரிந்த வித்தியாசம் 1,300-ல் வந்து நிற்கிறது. ஆனால் ஒருவர் எட்டு மணி நேரம் வேலை செய்து அதை வாங்குகிறார். இன்னொருவர் ராத்திரி இரண்டு மணிக்குப் பாட்டியைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவதையும் சேர்த்து, மாதத்தில் ஒரு ஞாயிறுகூட வெளியே போகாமல் வாங்குகிறார். பண வித்தியாசம் இவ்வளவுதான் என்று நீங்கள் வகுப்பில் சொல்லும்போது இந்த இரண்டாவது கணக்கையும் மறக்காமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முன்வரிசையில் இருக்கும் பெண்ணே சொல்லிவிடுவார்.

ஓ.டி. வந்தால் கதை வேறு. மாதத்துக்கு 46 மணி நேரம் வரை பொதுவான வரம்பு. மணிக்கூலி 119, நாளின் முதல் இரண்டு கூடுதல் மணிக்கு மூன்றில் ஒரு பங்கு சேர்த்து 159. முழு 46 மணியும் கிடைத்தால் 7,300 கூடும், கையில் 29,000 நிற்கும். ஏஜென்ட் கிராமத்தில் காட்டும் தொகை எப்போதும் இந்த 29,000-தான். 21,700-ஐ யாரும் காட்டுவதில்லை. தொழிற்சாலைக்கு ஆர்டர் குறைந்த வருடம் முதலில் வெட்டுப்படுவது ஓ.டி.தான், அடிப்படைச் சம்பளத்தில் சட்டப்படி கை வைக்க முடியாது. ஆக வியட்நாமியத் தொழிலாளியின் வருமானம் உயரமானது, ஆனால் ஆடுவது. இந்தோனேசியப் பெண்ணின் வருமானம் தாழ்வானது, ஆனால் ஆடாதது. அவர் பார்த்துக்கொள்ளும் முதியவர் இறந்துபோனால் மட்டும் அடியோடு நின்றுவிடும், புது வீடு கிடைக்கும்வரை.

கடன் இதற்கு மேல் வருகிறது. உங்கள் கேள்வியின் உயிர்நாடி இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தைவான் தொழிற்சாலைக்கு வர வியட்நாமில் ஒருவர் 4,000 முதல் 6,000 அமெரிக்க டாலர் வரை செலவு செய்வது வெகு சகஜமாக இருந்து வந்திருக்கிறது. ஙே ஆன், ஹா தின் போன்ற மாகாணங்களில் வீட்டின் சிவப்புப் புத்தகத்தை, அதாவது நிலப் பத்திரத்தை, வங்கியில் வைத்து இந்தப் பணத்தைப் புரட்டுவார்கள். பத்திரம் அடகுக்குப் போனால் வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் போகும், அது நமக்கும் தெரிந்த கதைதான். 5,000 டாலர் என்று எடுத்தால் தைவான் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். மேலே போட்ட கணக்கில், ஓ.டி. இல்லாத மாதங்களில் கைச்செலவு போகக் கடனுக்கு 17,000 ஒதுக்கினாலும் ஒன்பது பத்து மாதம் ஆகும். அதுவும் வட்டி சேர்க்காமல், ஊருக்கு ஒரு காசு அனுப்பாமல். ஊருக்கு அனுப்பாமல் யார் இருப்பார்கள்? நடைமுறையில் ஒன்றரை வருடம் கூட ஆகும். மூன்று வருட ஒப்பந்தத்தில் பாதி கடனுக்கே போய்விடுகிறது.

இப்போது அவருடைய இடத்தில் நின்று பாருங்கள். ஓ.டி. நின்றுவிட்டது. பிடிக்காத முதலாளியை விட்டு வேறு இடத்துக்கு மாறலாம் என்றால், சட்டம் சொல்லும் சில காரணங்களுக்கு மட்டுமே மாற முடியும். மலைத் தோட்டத்திலோ கட்டட வேலையிலோ நாள் கூலிக்கு ஆள் தேடுகிறார்கள், மாதக் கணக்கில் அது முறையான சம்பளத்தைத் தாண்டும், ஏஜென்ட் பிடித்தமும் இல்லை. தொடர்ந்து மூன்று நாள் வேலைக்கு வராவிட்டால் முதலாளி புகார் கொடுப்பார், தங்கும் அனுமதி ரத்தாகும். இதெல்லாம் தெரிந்துதான் போகிறார்கள். இப்படிக் கணக்கில் இல்லாதவர்கள் 80,000-க்கும் மேல், அதில் பாதிக்கும் மேல் வியட்நாமியர். பேராசை என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும். நான் அப்படிப் பார்க்கவில்லை. வட்டி ஓடுகிறது, வருமானம் நின்றுவிட்டது, ஓடுவது அந்தக் கணக்கில் வரும் விடை.

இந்தோனேசியர்கள் கடன் இல்லாமல் வருகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களிடையே 'பொத்தோங்கான்' என்ற சொல் சர்வ சாதாரணம். பிடித்தம் என்று பொருள். புறப்படும் முன் பயிற்சி, மருத்துவப் பரிசோதனை, விமானச் சீட்டு என்று ஆன செலவைக் கடனாக்கி, தைவானுக்கு வந்த முதல் எட்டு ஒன்பது மாதம் தவணையாகக் கட்டவைப்பார்கள். தொகை பொதுவாக வியட்நாமியக் கடனைவிடச் சிறியது. நிலத்தை அடகு வைக்காமல் வருங்காலச் சம்பளத்தை நம்பிக் கொடுக்கும் கடன் என்பதால் குடும்பத்தின் கழுத்தை அவ்வளவு நெரிப்பதில்லை. இந்தோனேசியாவின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், அனுப்பி வைக்கும் செலவைத் தொழிலாளி மேல் போடக் கூடாது என்கிறது. 2020-ல் வீட்டு வேலை, மீன்பிடிப்பு உட்படப் பத்து வேலைகளுக்கு அதை விதியாக்கினார்கள். செலவைத் தைவான் முதலாளிகள் ஏற்க வேண்டும் என்றதும் தைவான் பக்கம் முகம் சுளித்தது. இழுபறி இன்னும் முழுதாகத் தீரவில்லை. வியட்நாமின் புதிய சட்டமும் 2022 ஜனவரி முதல் தரகுக் கூலியைத் தொழிலாளியிடம் வாங்குவதைத் தடுக்கிறது, சேவைக் கட்டணத்துக்கு அதிகபட்சம் மூன்று மாதச் சம்பளம் என்று வரம்பு கட்டுகிறது. ஆனால் கிராமத்து இடைத்தரகர் ரசீது இல்லாமல் வாங்குவதை எந்தச் சட்டம் போய்ப் பிடிக்கும்?

இரண்டு கூட்டத்தை இந்தக் கணக்குக்கு வெளியே வைக்க வேண்டும். ஒன்று, தொலைதூர மீன்பிடிப் படகுகளில் இருக்கும் இந்தோனேசிய ஆண்கள். வெளிநாட்டிலேயே அமர்த்தப்படும் அவர்களுக்குத் தைவானின் குறைந்தபட்சச் சம்பளம் கிடையாது. 2022-ல் உயர்த்திய பிறகும் மாதம் 550 அமெரிக்க டாலர்தான். அவர்கள் உங்கள் வகுப்புக்கு வரப் போவதில்லை, கடலில் இருப்பார்கள். இன்னொன்று, திருமணமாகி வந்தவர்கள். வியட்நாமிய மனைவியர் ஒரு லட்சத்துக்கும் மேல், இந்தோனேசியர் 30,000 சொச்சம். கடைத்தெருவில் ஃபோ என்ற நூடுல்ஸ் சூப் விற்கும் அம்மாவும் நகம் திருத்தும் கடைக்காரரும் பெரும்பாலும் இவர்கள். குடியுரிமை இருக்கும், ஏஜென்ட் இருக்க மாட்டார், கடன் வேறு வகை. தைவானில் வியட்நாமியர்கள் வசதியாகிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால், அநேகமாக இவர்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார். ஆனால் உங்களுக்கு உதவ இவர்களைவிட நல்ல ஆள் கிடைக்காது. இரண்டு மொழியும் தெரியும், ஊரும் தெரியும்.

சரி, வகுப்பு. ஒரே பாடம் போதாது.

வியட்நாமியத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு முதல் வகுப்பை முழுக்கக் கடனுக்கே கொடுங்கள். அவரவர் சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஓ.டி. இல்லாத மாதத்தை வைத்து, கடன் எந்த மாதம் தீரும் என்று அவரே எழுதிப் பார்க்கட்டும். ஓ.டி. வரும் மாதப் பணத்தைச் செலவில் சேர்க்காமல் நேரே அசலுக்குக் கட்டும் பழக்கம் ஒன்று வந்தாலே பெரிது. அடுத்தது வருமான வரி. ஒரு காலண்டர் ஆண்டில் 183 நாள் தைவானில் இருக்காதவருக்கு, சம்பளம் குறைந்தபட்சச் சம்பளத்தின் ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் 6 சதவீதம் வரி. ஜூலைக்குப் பிறகு வந்து சேர்ந்தவர்கள் முதல் ஆண்டு இதில்தான் மாட்டுவார்கள். 183 நாள் தாண்டியவர்கள் மே மாதம் கணக்குக் காட்டினால் பிடித்ததில் பெரும்பாலும் திரும்ப வரும். இதைச் செய்து தருகிறேன் என்று தனியாகக் காசு வாங்கும் ஆட்கள் உண்டு.

இந்தோனேசியப் பெண்களுக்கு வரவு செலவு எழுதச் சொல்லிக்கொடுக்க அவசியமே இருக்காது, அவர்கள் உங்களைவிட நன்றாக எழுதுவார்கள். விடுப்பு எடுக்காத ஞாயிறுகளைக் காலண்டரில் குறித்து, அந்த 667 சேர்ந்திருக்கிறதா என்று மாதாமாதம் சரிபார்ப்பதைச் சொல்லுங்கள். தவணை முடிந்த பிறகும் பிடித்தம் தொடர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 2022 மே முதல் வீட்டுப் பணியாளர்களுக்கும் தொழில் விபத்துக் காப்பீடு கட்டாயம், அதை முதலாளி எடுத்தாரா என்று கேட்கத் தெரிய வேண்டும். ஊருக்குப் பணம் அனுப்ப, இந்தோனேசியக் கடையில் தெரிந்த அக்காவிடம் கொடுப்பதைவிட, 2021-க்குப் பிறகு உரிமம் பெற்ற பணம் அனுப்பும் நிறுவனங்களின் செயலி மேல். ரசீது நிற்கும்.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. 2022 ஏப்ரல் 30 முதல், ஆறு வருடம் வேலை செய்தவரை இடைநிலைத் திறன் பணியாளராக உயர்த்தலாம். அப்போது வைத்த வரம்புப்படி தொழிற்சாலையில் 33,000, வீட்டுப் பராமரிப்பில் 24,000 சம்பளம் தர முதலாளி முன்வர வேண்டும். அதன் பிறகு தொழிற்சாலைக்கு 12 வருடம், பராமரிப்புக்கு 14 வருடம் என்ற வேலைக்கால வரம்பு பொருந்தாது. நிரந்தர வசிப்புரிமைக்கும் வழி திறக்கும். ஐந்தாவது வருடத்தில் இருப்பவர்களைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள், முதலாளியிடம் பேச அவர்களுக்கு நேரம் வேண்டும். குறை எதுவானாலும் 1955 என்ற இலவச எண்ணில் இரு மொழியிலும் 24 மணி நேரமும் பேசலாம்.

நேரம் பற்றியும் ஒன்று. தொழிற்சாலைக்காரர்களுக்கு ஞாயிறு மதியம் சரிப்படும், சம்பளம் வந்த வாரமாக இருந்தால் கூட்டம் வரும். பராமரிப்புப் பெண்களில் பலருக்கு ஞாயிறே கிடையாது. பாட்டியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு மாலை நாலு மணிக்குப் பூங்காவுக்கு வருவார்கள், அந்த அரைமணி நேரம் அவர்களுடையது. உங்கள் இந்தோனேசிய வகுப்பைப் பூங்கா பெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள்.