எந்த வருடத்து அலி?

அன்புள்ள ஐயா,

கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். பெருநாளுக்கு வீட்டில் எல்லோரும் கூடியதிலிருந்து ஒரே வாக்குவாதம். என் வாப்பா 1980இல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் முகமது அலியின் குத்துச்சண்டைக் கண்காட்சிப் போட்டியை நேரில் பார்த்தவர். அலியை எந்தக் காலத்து ஆளாலும் தொட முடியாது என்பது அவர் கட்சி. ரியாத்தில் வேலை பார்க்கும் காக்கா (அண்ணன்), 2024 மே மாதம் அங்கே நடந்த உசிக்–ஃப்யூரி போட்டியை அரங்கில் உட்கார்ந்து பார்த்தார். "ஃப்யூரியின் உயரம் ஆறடி ஒன்பது அங்குலம், அவர் முன்னால் பழைய ஆட்கள் எல்லாம் சின்னப் பிள்ளைகள்" என்கிறார். மாமா மைக் டைசன் பக்கம். லாரி ஹோம்ஸ் அலியை அடித்தார், அந்த ஹோம்ஸை டைசன் நாலே ரவுண்டில் வீழ்த்தினார், அப்புறம் என்ன பேச்சு என்பது அவர் கணக்கு. நான் கணினி படிக்கிறேன். எல்லாப் புள்ளிவிவரங்களையும் கணினியிடம் கொடுத்துத் தீர்ப்புக் கேட்கலாமே என்றேன். மூவரும் சேர்ந்து விரட்டிவிட்டார்கள். யார் ஜெயிப்பார் என்று நீங்களே சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், கீழக்கரை

அன்புள்ள தம்பி,

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும்போது பாம்பன் டீக்கடைகளிலும் இதே வழக்குதான் நடக்கும். அங்கேயும் தீர்ப்பு வந்ததில்லை.

முதலில் கணினி. நீங்கள் சொன்ன யோசனையை ஒருவர் 1967இலேயே செய்து பார்த்துவிட்டார். மயாமியைச் சேர்ந்த முரே வொரோனர் பழைய, புதிய ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) சாம்பியன்களின் விவரங்களை அன்றைய கணினி ஒன்றில் ஏற்றி, அது சொன்ன முடிவுகளை வானொலியில் நேர்முக வர்ணனை போல ஒலிபரப்பினார். அதில் 1899இல் பட்டம் வென்ற ஜிம் ஜெஃப்ரிஸிடம் அலி தோற்றுப்போனார்! அலி சும்மா விடுவாரா? பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். வழக்கு முடிந்த விதம் இன்னும் வேடிக்கை. பத்தாயிரம் டாலர் வாங்கிக்கொண்டு, பழைய சாம்பியன் ராக்கி மார்சியானோவுடன் கேமரா முன்னால் சண்டை போட ஒப்புக்கொண்டார். 1969இல் படப்பிடிப்பு நடந்தது. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் அலிக்கு அப்போது ரிங் கதவு அடைபட்டிருந்தது, பணமும் தேவைப்பட்டது. மார்சியானோ ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. உடம்பைக் குறைத்து, வழுக்கையை மறைக்கத் தலையில் டோப்பா வைத்துக்கொண்டு வந்தார். யார் விழுவது என்பதைப் பல விதமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் காட்டிய பிரதியில் பதின்மூன்றாவது ரவுண்டில் மார்சியானோ நாக் அவுட் செய்தார். ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி ஜெயித்தார். எந்தப் பிரதியையும் பார்க்க மார்சியானோ உயிரோடு இல்லை. 1969 ஆகஸ்ட் 31 அன்று விமான விபத்தில் இறந்துவிட்டார்.

எந்த ஊரில் டிக்கெட் விற்கிறதோ அந்த ஊருக்குத் தக்க தீர்ப்பு. அதனால் உங்களை விரட்டியதில் எனக்கு வருத்தமில்லை.

இப்போது மாமாவின் கணக்கு. ஹோம்ஸ் அலியை அடித்தது 1980 அக்டோபரில், அலிக்கு அப்போது வயது 38. டைசன் ஹோம்ஸை அடித்தது 1988 ஜனவரியில். ஹோம்ஸுக்கும் அப்போது வயது 38, அதோடு ஏறக்குறைய இரண்டு வருடம் ரிங்குக்கே வராமல் இருந்துவிட்டு வந்தவர். 1951இல் மார்சியானோ எட்டாவது ரவுண்டில் வீழ்த்திய முன்னாள் சாம்பியன் ஜோ லூயிஸுக்கு 37. தலைமுறைகள் ரிங்கில் உண்மையாகவே சந்தித்த போட்டிகள் இவை. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒருவர் உச்சத்தில், இன்னொருவர் இறக்கத்தில். இதை வைத்துக் கணக்குப் போட்டால் கிடைப்பது வயதின் வெற்றி மட்டுமே.

இன்னொன்றும் மாமாவிடம் கேளுங்கள். 1971இல் அலியை ஜோ ஃப்ரேசியர் தோற்கடித்தார். 1973 மார்ச்சில் கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து ஜெயித்தார். அந்த ஃப்ரேசியரை ஜார்ஜ் ஃபோர்மன் கிங்ஸ்டனில் ஆறு முறை கீழே தள்ளி இரண்டே ரவுண்டில் முடித்தார். நார்ட்டனையும் இரண்டு ரவுண்டில் முடித்தார். மாமாவின் வாய்ப்பாட்டின்படி 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் அலி ரிங்கில் ஏறியிருக்கவே கூடாது. எட்டாவது ரவுண்டில் விழுந்தது ஃபோர்மன். குத்துச்சண்டைக்காரர்களை ஒரே வரிசையில் நிற்க வைக்கவே முடியாது. யாருடைய பாணி யாருக்கு ஒத்துவராது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஃப்ரேசியர் குனிந்து முன்னால் வருபவர், ஃபோர்மனின் மேல்நோக்கிய குத்துக்கு வாகாக வந்து நிற்பார். அலி கயிற்றில் சாய்ந்து, கைகளால் மறைத்து, ஃபோர்மனின் மூச்சு தீரும்வரை காத்திருந்தார்.

காலம் என்றால் ஆட்கள் மட்டுமல்ல, விதிகளும்தான். சோழகக் காற்றில் முந்திய வல்லத்தையும் வாடைக் காற்றில் முந்திய வல்லத்தையும் நேரக் கணக்கு வைத்து ஒப்பிட்டால் தொண்டிப் பக்கத்தில் பாய்மரப் போட்டி பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். 1980களில் பட்டப் போட்டிகள் பதினைந்து ரவுண்டிலிருந்து பன்னிரண்டாகக் குறைந்தன. 1982இல் தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ போட்டியில் பட்ட அடியால் இறந்ததே அதற்குத் தூண்டுதல். இப்போது பின்னோக்கிப் பாருங்கள். 1952இல் பிலடெல்பியாவில் ஜெர்சி ஜோ வால்காட்டிடம் மார்சியானோ மூன்று நடுவர்களின் கணக்கிலும் பின்தங்கியிருந்தார். பதின்மூன்றாவது ரவுண்டில் ஒரே வலது குத்து, பட்டம் கை மாறியது. இன்றைய விதி அன்று இருந்திருந்தால் வால்காட் பட்டத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார், 49 போட்டிகளில் 49 வெற்றி என்ற மார்சியானோவின் பெருமை பிறந்தே இருக்காது. 1941இல் பில்லி கான் பன்னிரண்டு ரவுண்டு முடிவில் ஜோ லூயிஸை விட முன்னால் இருந்தார். பதின்மூன்றில் விழுந்தார். இருபத்தைந்து முறை பட்டத்தைக் காத்த லூயிஸின் வரலாறும் அந்த மூன்று ரவுண்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே 'லூயிஸும் ஃப்யூரியும் மோதினால்' என்று ஆரம்பிப்பவரிடம் எத்தனை ரவுண்டு என்று முதலில் கேளுங்கள்.

காக்காவின் வாதத்தில் பாதி சரி. மார்சியானோ பட்டம் வென்றபோது எடை சுமார் 84 கிலோ. இன்று அந்த எடைக்காரரை ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழே, குரூசர்வெயிட்டில் நிறுத்துவார்கள். அவரை ஃப்யூரியின் முன்னால் விட நான் சம்மதிக்க மாட்டேன். பழைய சாம்பியன் ஜாக் டெம்ப்ஸியின் ரசிகர்கள் 1919ஐக் காட்டுவார்கள். ஆறடி ஆறு அங்குல ஜெஸ் வில்லார்டை அவர் முதல் ரவுண்டிலேயே ஏழு முறை சாய்த்தார். உண்மைதான். ஆனால் விழுந்தவர் எழும்வரை பக்கத்திலேயே நின்று, எழுந்ததும் அடிக்க அன்று அனுமதி இருந்தது.

சரியாக இல்லாத பாதிக்குச் சாட்சி காக்காவின் கண்கள்தான். ரியாத்தில் அன்று ஜெயித்தது யார்? உசிக். அவர் உயரம் ஆறடி மூன்று அங்குலம், அலியின் அதே உயரம். எடை சுமார் 101 கிலோ, ஃப்யூரியை விடப் பதினேழு கிலோ குறைவு. அதே டிசம்பரில் மறுபடியும் ஜெயித்தார். கின்ஷாசாவில் அலியின் எடை 98 கிலோ. பழைய ஆட்கள் இன்று நிற்க மாட்டார்கள் என்பதற்கும் ஒரு பதில் உண்டு. அலியிடம் 1974இல் தோற்ற அதே ஃபோர்மன் 1994 நவம்பரில், 45 வயதில், 26 வயது மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டில் வீழ்த்தி மீண்டும் சாம்பியன் ஆனார். அதுவரை மூன்று நடுவர்களின் கணக்கிலும் பின்தங்கித்தான் இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வாப்பாவிடம் மரியாதையோடு ஒன்று. 1980 ஜனவரியில் அவர் சென்னையில் பார்த்தது, ஓய்வு அறிவித்துவிட்ட அலி, நண்பர் ஜிம்மி எல்லிஸுடன் விளையாட்டாகக் குத்திக்கொண்டதை. முதலமைச்சர் எம்.ஜி.ஆரும் வந்திருந்த அந்த மாலை மறக்க முடியாததாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த அலி வேறு. வியட்நாம் விவகாரத்தில் வந்த தடைக்கு முன்னால் இருந்தவர் கால்களால் தப்பினார், தடைக்குப் பின்னால் வந்தவர் அடி வாங்கித் தாங்கினார். உங்கள் வீட்டில் பெயரை வைத்துப் பேசுகிறார்கள். தேதியை வைத்துப் பேசச் சொல்லுங்கள்.

என் தீர்ப்பு கேட்டீர்கள். 1966 நவம்பரின் அலி, 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்ஸை 91 வினாடியில் முடித்த டைசன், பதினைந்து ரவுண்டு. முதல் நான்கு ரவுண்டு எனக்கு வயிற்றைக் கலக்கும். தலையைப் பின்னால் இழுத்துத் தப்புவது அலியின் பழக்கம், அதற்குக் கூலி இடது ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து. 1963இல் ஹென்றி கூப்பரும் 1971இல் ஃப்ரேசியரும் அதைக் கொண்டே அவரைக் கீழே உட்கார வைத்தார்கள். டைசனின் இடது ஹூக் அவர்களுடையதை விட வேகம். அதைத் தாண்டிவிட்டால் அலி. கை நீட்டத்தில் அவருக்கு ஏழு அங்குலம் கூடுதல், நெருங்கினால் கழுத்தைப் பிடித்து அமுக்கிவிடுவார். பயப்படாத உயரமான ஆளிடம் டைசன் திணறியதற்கு 1990இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் சாட்சி. அலி, பன்னிரண்டாவது ரவுண்டுக்குப் பிறகு, நடுவர் நிறுத்துவார். ஃப்யூரியோடு என்றால் அலி புள்ளிக் கணக்கில் மட்டும், அதுவும் மயிரிழையில். மேலே சாய்ந்து பாரத்தை இறக்கும் ஃப்யூரியின் வித்தை அலியின் கால்களைத் தின்றுவிடும்.

காக்கா ரியாத் திரும்புவதற்குள் 1966 நவம்பர் 14 போட்டியை எல்லோரும் சேர்ந்து பாருங்கள். ஹூஸ்டனில் கிளீவ்லாந்து வில்லியம்ஸுடன் நடந்தது, மூன்று ரவுண்டுதான். மாமா உடனே ஆட்சேபிப்பார்: 1964இல் காவலர் சுட்ட குண்டு உடம்பில் பட்டபின் வில்லியம்ஸ் பழைய ஆளாக இல்லையே என்று. அது சரியான ஆட்சேபம். அலியின் கால்களை மட்டும் பாருங்கள் என்று சொல்லுங்கள்.