மழை பெய்தால் தானாக அடிக்கும் ஹார்ன்

கேள்வி: பழைய ஜீப் ஒன்றை வாங்கி, முன் பம்பரில் 55 வாட் விளக்கு இரண்டும், சத்தமான ஹார்ன் ஜோடி ஒன்றும் கூடுதலாக மாட்டினேன். இப்போது மழை பெய்த இரவுகளில் ஹார்ன் தானாகவே அடிக்கிறது. புதிய ஹார்னோடு பழைய ஹார்னும் சேர்ந்தே அடிக்கும். மதியத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும். இடது ஹெட்லைட்டும் மங்கிவிட்டது, அதைப் போட்டால் இடது இண்டிகேட்டர் லேசாக எரிகிறது. பேட்டரியையும் ஸ்டியரிங் சுவிட்சையும் மாற்றியாகிவிட்டது. மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போதெல்லாம் வண்டி ஒழுங்காக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: கொண்டுபோகும்போதெல்லாம் வண்டி காய்ந்திருக்கிறது, அதுதான் சங்கதி. ஈரத்தில் வரும் கோளாறை ஈரத்தில்தான் பிடிக்க முடியும். காய்ந்த வண்டியைப் பார்த்து யூகத்தில் சாமான் மாற்றினால் உங்கள் பணம்தான் போகும். பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். உங்களிடம் இருப்பது இரண்டு கோளாறு. ஹார்ன் அடிப்பது, நனைந்திருக்கும்போது மட்டும் வரும் கசிவு. ஹெட்லைட் மங்கியது, பலமுறை நனைந்து நனைந்து உலோகம் அரித்துப்போய் நிரந்தரமாகத் தங்கிவிட்ட தடை. தேடும் முறை இரண்டுக்கும் வேறு.

ஹார்னை எடுத்துக்கொள்வோம். சிறு மின்சாரத்தை வைத்துப் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்தான் ரிலே. பெரும்பாலான வண்டிகளில் ஹார்ன் ரிலேக்குள் இருக்கும் காயிலில் (கம்பிச் சுருளில்) ஒரு முனைக்கு எப்போதும் 12 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். நீங்கள் அழுத்தும் பட்டன் மறுமுனையை வண்டியின் உலோக பாடியோடு சேர்த்துவிடுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. ஆகவே அந்த மெல்லிய ஒயர் எந்த வழியில் பாடியைத் தொட்டாலும் பட்டனை அழுத்தியதாகத்தான் ரிலே எடுத்துக்கொள்ளும். ஆம்பியரில் ஏழில் ஒரு பங்கு போல ஓடினாலே ரிலே இழுத்துவிடும். கப்ளருக்குள், அதாவது ஒயர்களை இணைக்கும் பிளக்குக்குள், அழுக்குத் தண்ணீரும் பச்சைக் களிம்பும் சேர்ந்தால் போதும். உரிந்த ஒயர் ஈரத் தகட்டில் உரசினாலும் போதும்.

இரண்டு ஹார்னும் சேர்ந்து அடிக்கிறது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரி பாதி வேலையை முடித்துவிட்டது. புதிய ஹார்ன் மட்டும் அடித்தால் அதற்கென்று போட்ட புதிய ரிலேயைச் சந்தேகப்படலாம். இரண்டும் அடித்தால் கசிவு பட்டன் பக்கத்து ஒயரில் இருக்கிறது, அல்லது பழைய ரிலேயில் இருக்கிறது. புதிய ரிலேயை இயக்க அந்த மெல்லிய ஒயரிலிருந்தே கிளை எடுத்திருப்பார்கள் என்பது என் ஊகம். ஒயரை வெட்டாமல், உறையைக் கடித்து உள்ளே இறங்கும் கிளிப் ஒன்று உண்டு. அதைப் போட்டிருந்தால் முதலில் அங்கே போங்கள். அந்தக் கிளிப் உறையைக் கிழித்து, தண்ணீருக்கு வாசல் வைத்துக் கொடுத்துவிடுகிறது. பானெட்டுக்கு அடியில் அதைப் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இனி மழையை நாமே வரவழைப்போம். ஹார்ன்களின் ஒயரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு டெஸ்ட் லேம்ப்பை, அதாவது மின்சாரம் வந்தால் எரியும் சிறு சோதனை விளக்கை, மாட்டுங்கள். அக்கம்பக்கத்தார் நிம்மதியாக இருப்பார்கள், உங்களுக்கும் விளக்கே பதில் சொல்லும். செடிக்குத் தெளிக்கும் சிறிய ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, கீழிருந்து மேலாக ஒவ்வோர் இணைப்பாக நனையுங்கள். மேலே தெளித்தால் தண்ணீர் வழிந்து எல்லாவற்றையும் நனைத்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாது. ஓரிடத்தை நனைத்தால் பத்து நிமிடமாவது காத்திருங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், அது நல்ல இணைப்பையும் கெடுத்துவிடும். விளக்கு எரிந்ததும் முதலில் புதிய கிளையைக் கழற்றுங்கள். அணைந்தால் கசிவு கிளையில். அணையாவிட்டால் பட்டன் ஒயரை ரிலேயிலிருந்து கழற்றுங்கள். அதற்கும் அணையாவிட்டால் ரிலேயோ அதன் சாக்கெட்டோதான். ஸ்டியரிங் பக்கம் மஞ்சள் உறை போட்ட ஒயர் இருந்தால் தொடாதீர்கள், அது ஏர்பேக்காக இருக்கலாம்.

காத்திருக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை சீட்டுக்கு அடியில் இருந்த ரிலே பெட்டிக்குள் ஈரம் பார்த்தேன். மூன்று நாள் தரைவிரிப்பையும் கதவு ரப்பரையும் புரட்டினேன், ஒரு சொட்டு ஒழுகலும் இல்லை. கடைசியில் பார்த்தால், பானெட்டுக்கு அடியில் ஒரு வெட்டிய ஒயர் முனை டேப் மட்டும் சுற்றப்பட்டு மேல்நோக்கி நின்றது. விளக்குத் திரி எண்ணெய் இழுப்பதுபோல, செம்புக் கம்பிகளுக்கு நடுவே தண்ணீர் ஏறி, உறைக்குள்ளேயே ஓடி, பெட்டிக்குள் சொட்டியிருக்கிறது. அன்று முதல், ஈரம் இருக்கும் இடத்தையும் ஈரம் நுழைந்த இடத்தையும் ஒன்றாக நான் எண்ணுவதில்லை.

அப்புறம் ஹெட்லைட். பல வண்டிகளில் ஹெட்லைட், இண்டிகேட்டர் இரண்டின் எர்த்தும், அதாவது மின்சாரம் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பும், ஒரே போல்ட்டில் இருக்கும். புதிய விளக்குகளின் எர்த்தையும் அதிலேயே மாட்டியிருப்பார்கள். இரண்டு 55 வாட் விளக்குக்கு மட்டுமே 9 ஆம்பியருக்கு மேல் ஓடும். அந்த போல்ட் அரித்துப்போனால் ஹெட்லைட் மின்சாரம் வேறு வழி தேடி, முன் இண்டிகேட்டர் பல்ப் வழியாகப் பின்புறம் போய், பின் இண்டிகேட்டரின் நல்ல எர்த்தில் இறங்குகிறது. லேசாக எரிவது அதனால்தான்.

இதை உறுதி செய்ய ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, வோல்ட் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்விலும் மறுமுனையை பல்ப்பின் எர்த் பின்னிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 1 வோல்ட் காட்டினால் போல்ட்டைக் கழற்றுங்கள். விளக்கை அணைத்துவிட்டு அளந்தால் எர்த் ஒயரில் ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் எல்லாம் சரி என்றே காட்டும். இதில் ஏமாந்தவர்கள் நிறைய.

போல்ட்டுக்குக் கீழே பெயிண்ட்டைச் சுரண்டி, வெறும் தகட்டில் இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். புதிய விளக்குகளுக்குத் தடித்த எர்த் ஒயரைத் தனியாகப் போடுங்கள். பச்சை பூத்த ஒயரைப் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டுங்கள். முனையை கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் அழுத்திப் பிணைத்து), உள்ளே பசை தடவிய, சூடாக்கினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். டேப் போதாது. ரிலேயை ஒயர் சொருகும் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். ஒயர் கப்ளருக்குள் நுழையும் முன் கொஞ்சம் தாழ்வாக வளைத்து விட்டால், தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

கேள்வி: கப்ளருக்குள் தண்ணீர் போகாமல் சிலிகான் சீலன்ட் அடைக்கலாமா? கப்ளர் கிரீஸ் மின்சாரம் கடத்துமா?

பதில்: காடி வாசம் வரும் சிலிகான் வேண்டவே வேண்டாம், உலரும்போது அது விடும் அமிலம் செம்பை அரிக்கும். எந்த சீலன்ட்டாக இருந்தாலும், உள்ளே ஏற்கனவே ஈரம் இருந்தால் அதையும் சேர்த்து அடைத்துவிடுவீர்கள். கப்ளருக்கென்று விற்கும் சிலிகான் கிரீஸ் மின்சாரம் கடத்தாது. பின்கள் இறுகும்போது கிரீஸ் விலகி உலோகம் உலோகத்தைத் தொடும், சுற்றியுள்ள கிரீஸ் ஈரத்தைத் தடுக்கும். பின் தளர்ந்திருந்தால் மட்டும் கிரீஸ் உதவாது, முதலில் பின்னை மாற்றுங்கள்.