திரைச்சீலை தேர்ந்தெடுப்பதும் வேலைதான்

கேள்வி: சென்ற இதழில் அமெரிக்காவில் வீட்டு உள் அலங்காரம் செய்துவந்த எல்சி டி வுல்ஃப் குறித்து நான்கு பக்கம் எழுதியிருந்தீர்கள். பெருந்தனக்காரர் வீடுகளுக்கு நாற்காலியும் திரைச்சீலையும் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததைத் தவிர அவர் செய்தது என்ன? சிநேகிதிகளின் செல்வாக்கில் கிடைத்த வாய்ப்புகளையெல்லாம் ஒரு தொழில் என்று சொல்லத் தகுமா? — ஒரு வாசகர், திருச்சி.

பதில்: தகும். தயக்கமின்றிச் சொல்கிறேன். அவருக்குச் செல்வாக்கு இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அவருடன் ஒரே வீட்டில் வாழ்ந்த எலிசபெத் மார்பரி நாடகாசிரியர்களின் பெரும் முகவர். நியூயார்க்கில் பெண்களுக்கென்று தொடங்கப்பட்ட காலனி கிளப்பை நிறுவியவர்களில் ஒருவர். அந்தக் கட்டடத்தை வடிவமைத்த ஸ்டான்ஃபோர்ட் ஒயிட், உள் அலங்காரப் பொறுப்பை எல்சியிடமே கொடுக்கலாம் என்று ஆதரித்தார். அதுவரை எல்சியின் பிழைப்பு நாடக மேடை. அதிலும் அவர் நடிப்பைவிட, உடுத்தி வந்த பாரிஸ் உடைகளே அதிகம் பேசப்பட்டன. ஆனால் செல்வாக்கு வாசல் கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான். உள்ளே போய் அறையை அமைத்துக் காட்ட வேண்டியவர் அவரேதான்.

1907-இல் அந்தக் கிளப் திறந்தபோது உறுப்பினர்கள் கண்டதைச் சற்று நினைத்துப் பாருங்கள். அந்நாளைய செல்வர் வீட்டுக் கூடம் என்றால் கனத்த வெல்வெட் திரை, கறுத்த மரவேலை, பீங்கான் பொம்மைகள் நெருக்கியடிக்கும் அலமாரி, பகலிலும் விளக்கேற்ற வேண்டிய இருட்டு. இங்கோ பச்சை வண்ணம் பூசிய மரப்பின்னல் தட்டிகள் சுவர் முழுவதும் ஏறிப் படர்ந்து, ஓர் அறையையே தோட்டமாக்கியிருந்தன. பிரம்பு நாற்காலிகள் கிடந்தன. மற்ற அறைகளில் பூப்போட்ட சீட்டித்துணி. கிராமத்து வீட்டுக்கே உரியது என்று நகரத்துச் சீமாட்டிகள் ஒதுக்கி வைத்திருந்த துணி அது. அதை நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்ததால் ‘சீட்டிச் சீமாட்டி’ என்ற பொருளில் ஒரு பட்டப்பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டது. (மேடையில் அதிகம் சோபிக்காத அவர் அலங்கரித்த அந்தக் கட்டடத்தில் பின்னாளில் ஒரு நாடகப் பள்ளி குடியேறியது.)

தேர்ந்தெடுத்துக் கொடுத்ததுதானே என்று கேட்கிறீர்கள். சன்னலின் வெளிச்சம் எந்த நேரத்தில் எந்தச் சுவரில் விழும், அதை இரட்டிப்பாக்கக் கண்ணாடியை எங்கே மாட்டலாம், அலங்கார மேசையின் விளக்கு முகத்தில் நிழல் விழாமல் எந்தப் பக்கம் நிற்க வேண்டும், நாற்காலிக்குக் கைக்கெட்டும் தொலைவில் மேசை இருக்கிறதா என்று ஒவ்வோர் அறையாக அளந்து, தச்சரிடமும் வண்ணம் பூசுபவரிடமும் மெத்தை தைப்பவரிடமும் நின்று வேலை வாங்கி, ஒவ்வொரு செலவுக்கும் கணக்குக் காட்டுவதைத்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். வீட்டுப் பெண்ணிடம் இருந்தால் இந்த அறிவுக்கு ‘ரசனை’ என்று பெயர் சூட்டி, காசில்லாமல் வாங்கிக்கொள்வதே வழக்கமாக இருந்தது. எல்சி அதற்கு ஊதியம் கேட்டார். எஃகுத் தொழிலில் பெரும்பொருள் சேர்த்த ஹென்றி ஃபிரிக், ஐந்தாம் அவென்யூவில் தாம் கட்டிய மாளிகையின் மேல்மாடிக் குடும்ப அறைகளை 1914 வாக்கில் அவரிடம் ஒப்படைத்தபோது, வாங்கும் பொருள்களின் விலையில் பத்து சதவீதம் அவருக்குக் கூலி என்று பேசிக்கொண்டார்கள். பாரிஸில் ஒரு புகழ்பெற்ற சேகரிப்பிலிருந்த பிரெஞ்சுச் சாமான்களை, கோல்ஃப் ஆட்டத்துக்கு விரைந்துகொண்டிருந்த ஃபிரிக்குக்கு அரை மணி நேரத்தில் சுற்றிக்காட்டி விற்பனையை முடித்தார் என்று சொல்வார்கள். அந்த அரை மணி நேரத்துக்குப் பின்னால், எந்த நாற்காலி அசல், எது பிற்காலத்தில் ஒட்டுப்போட்டது என்று கண்டறியப் பிரான்சில் அவர் பல கோடைக்காலங்களைச் செலவிட்டிருந்தார். அந்த மேல்மாடி 2025-இல்தான் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.

ஒரு திருத்தமும் சொல்லியாக வேண்டும். இத்தொழிலின் ‘முதல் பெண்மணி’ என்று எங்கள் கட்டுரையில் அச்சாகியிருந்தது சரியன்று. கேண்டஸ் வீலர் 1883-லேயே பெண்களைக் கொண்டு துணி அலங்கார நிறுவனம் நடத்தினார். எல்சிக்கு உரிய பெருமை வேறு: இந்த வேலையைச் செய்பவருக்கு ஒரு பெயரும், வெளிப்படையான விலையும் உண்டு என்று ஊரறியச் செய்தார்.

உங்கள் கோபம் நியாயமாகச் சென்று சேர வேண்டிய இடங்கள் இரண்டு உண்டு. அவருக்குப் பட்டப்பெயர் வாங்கித்தந்த அந்தச் சீட்டித்துணியின் பிறப்பிடங்களில் ஒன்று நம் சோழமண்டலக் கரை. கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய பருத்தித் துணியில் படிகாரக் கரைசலால் கோடு வரைந்து, சாயவேரில் கொதிக்கவைத்துச் சிவப்பேற்றி, மெழுகு தடவி நீலம் தோய்த்து, ஆற்றில் அலசி வெயிலில் உலர்த்தியவை இக்கரைச் சாயக்காரர்களின் கைகள். அந்தத் துணியின் வரவு தாங்காமல்தான் இங்கிலாந்து 1700-இலும் 1721-இலும் தடைச்சட்டங்கள் இயற்றியது. தன் நாட்டு அச்சுத்தொழில் காலூன்றிய பின் 1774-இல் தடையை நீக்கியது. நியூயார்க் கூடத்துக்கு எல்சி வாங்கிய துணியில் அந்தச் சாயக்காரர்களின் பெயர் இல்லை.

இரண்டாவது, அவருடைய எழுத்து. 1913-இல் அவர் பெயரில் வந்து புகழ்பெற்ற அலங்கார நூலின் பெரும்பகுதியை எழுதிக்கொடுத்தவர் ரூபி ராஸ் என்ற இளம் பத்திரிகையாளர். தம் உழைப்புக்கு விலை கேட்கத் துணிந்த எல்சி, இந்தப் பெண்ணின் உழைப்பைத் தம் பெயருக்குள் மறைத்துக்கொண்டது எனக்கு உறுத்துகிறது. ரூபி ராஸ் உட் பின்னாளில் தம் பெயரிலேயே அலங்கார நிறுவனம் நடத்தினார். பில்லி பால்ட்வின் என்ற பெரிய கலைஞர் அவரிடம்தான் தொழில் பழகினார். எல்சியும் ரூபியும் 1950-லேயே, சில மாத இடைவெளியில் மறைந்தார்கள். நாங்கள் நான்கு பக்கமும் எல்சிக்கே கொடுத்துவிட்டு, ரூபியின் பெயரை ஓரிடத்திலும் குறிப்பிடவில்லை. அதை ஏன் விட்டீர்கள் என்று நீங்கள் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.